பிளக்கில் கட்டிய சிவப்பு அட்டை

டேய் கண்ணா, சத்தம் நின்றுவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. உன் கடையில் வாசலைப் பார்த்தபடி நிற்கிறதே, விண்கலம் படம் போட்ட பெரிய கேம் மெஷின், அதன் நெற்றியில் எரியும் டியூப் லைட் இரண்டு மாதமாகக் கொய்ங் என்று கத்திக்கொண்டிருந்ததாமே, அது இன்று மதியம் வாயை மூடிவிட்டது. மூடவைத்தது நான்தான். அறுபத்திரண்டு வயதில் ஸ்டூல் மேல் ஏறி நின்று, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு செய்தேன். நகத்தில் இன்னும் கறுப்புத் தூசி இருக்கிறது, கை கழுவக்கூடப் பொறுமையில்லாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ சனிக்கிழமை பெங்களூரிலிருந்து இன்னொரு மெஷினோடு லாரியில் வந்து ஷட்டரைத் தூக்கும்போது இந்தக் கடிதம் கவுண்ட்டர் மேல் இருக்கும். போனில் சொல்லலாம்தான். ஆனால் ஏழு மாதமாக நாம் இருவரும் போனில் பேசினால் நாலாவது நிமிடம் சண்டையில் போய் நிற்கிறது, அதை ஆரம்பிப்பதும் நான்தான். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, எனக்கும் அடித்துத் திருத்த இடம் இருக்கும்.

ஏழு மாதத்துக்கு முன்னால், சென்னை ஓ.எம்.ஆர். ரோட்டு ஆபீஸ் வேலையை விட்டுவிட்டேன், மாமல்லபுரத்தில் பழைய கேம் மெஷின்களை வாங்கிவைத்துக் கடை போடப்போகிறேன் என்று நீ சொன்ன அன்று, சாப்பிட்டுக்கொண்டிருந்தவனிடம் நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். எனக்கும் நினைவிருக்கிறது. “அந்தக் கடைப்படி நான் ஏற மாட்டேன்” என்றேன். நீ எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாய். முந்தாநாள் செவ்வாய்க்கிழமை போன் செய்தபோதும் அதே அமைதிதான். “அம்மா, போர்டு மாட்ட மஸ்தான் பாய் வராரு. சாவி பக்கத்து டீக்கடைல இருக்கு. ஷட்டர மட்டும் தொறந்து விட்டா போதும். நீங்க படியேற வேணாம்.” குத்திக்காட்டிச் சொல்லவில்லை, என் வார்த்தையை மதித்துத்தான் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அது அப்படி வலித்தது. ஞாயிற்றுக்கிழமை திறப்புக்கு வருவீர்களா என்று நீ கேட்கவில்லை. வருகிறேன் என்று நானும் சொல்லவில்லை.

நேற்று, புதன்கிழமை காலை, சதுரங்கப்பட்டினத்தில் பஸ் ஏறி, பத்து மணிக்கெல்லாம் உன் கடைக்கு வந்துவிட்டேன். ஷட்டரைத் திறந்துவிட்டுக் குடையைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே நின்றேன். மகாபலிபுரம் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் என்னைப் பார்த்துப் பாவப்பட்டு, உள்ளே நிழலில் நிற்கலாமே என்று சைகை காட்டினாள். அவளுக்கு நம் வீட்டுக் கதை தெரியுமா? மஸ்தான் பாய் ஏணியோடு வந்தார், நல்ல மனிதர். உள்ளே போய் மெயின் சுவிட்சைப் போட்டார். அந்த மெஷின் பளிச்சென்று எரிந்தது, எரிந்ததும் அந்தச் சத்தம் கிளம்பியது. ரோட்டில் நிற்கிற என் காது வரைக்கும் வந்தது.

“இன்னா யக்கா, உள்ள வண்டு கிண்டு பூந்துகிச்சா? கொய்ங்னு கத்திகினு கீது” என்றார் பாய். பிறகு அவரே சொன்னார். “தம்பி ரெண்டு மாசமா இத்தோட பேஜாரு பட்டுகினு கீது. எலெக்ட்ரீஷன் ஒர்த்தன் வந்து எல்.இ.டி. போட்டுர்லாம்னான். தம்பி ஒத்துக்கல. அந்த டியூப் வெளிச்சம்தான் வோணுமாம், ஒத்தக் கால்ல நின்னுச்சு. ஞாயித்துக்கெழம இத்த மட்டும் துணி போட்டு மூடிர்லாம்னு சொல்லிச்சு, பாவம்.”

உன் கடைக்கே அந்த மெஷின்தான் முகம். அதைத் துணி போட்டு மூடிவிட்டுக் கடை திறக்கப்போகிறாய். அதை ஒருவர் என்னிடம் வந்து சொல்கிறார், முப்பத்து மூன்று வருடம் எலெக்ட்ரிகல் பராமரிப்பில் வேலை பார்த்த என்னிடம். இத்தனைக்கும் நீ இரண்டு மாதத்தில் ஒரு தடவைகூட என்னைக் கேட்கவில்லை. கேட்க முடியாதபடி செய்தவள் யார் என்று யோசித்துக்கொண்டே குடையை மடக்கினேன். அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம், கண்ணா. டியூபைத் தாங்குகிற பட்டிக்குள் இருக்கிற சோக்கிலிருந்து வருகிற சத்தம். அதைக் கேட்டுவிட்டு ரோட்டில் நிற்க என்னால் முடியவில்லை. இரண்டு படி, ஏறிவிட்டேன். ஏறிய பிறகுதான் ஏறிவிட்டோம் என்பதே உறைத்தது.

முதலில் மெயினை அணைத்தேன். மெஷினின் பிளக்கையும் பிடுங்கினேன். பின்பக்கம் பிக்சர் டியூப் இருக்கிற பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை, அது அணைத்த பிறகும் அடிக்கும், நீயும் ஞாபகம் வைத்துக்கொள். பிறகு, பழக்கதோஷம், போர்டு சுற்றி வந்த அட்டையில் ஒரு துண்டு கிழித்து, பாயின் சிவப்பு மார்க்கரை வாங்கி, “இயக்காதே, ஆள் வேலையில் இருக்கிறார்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மெயின் சுவிட்சில் சணலால் கட்டினேன். நான் வேலை பார்த்த இடத்தில் இது இல்லாமல் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட மாட்டோம். உள்ளே ஓர் ஆள் கையை விட்டுக்கொண்டிருப்பார், வெளியே ஒருவர் தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிட்டால் ஓர் உயிர் போய்விடும். அதனால் சிவப்பு அட்டை. அதில் ஒரே ஒரு சட்டம், கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். பெரிய அதிகாரியே வந்தாலும் தொடக்கூடாது. அவிழ்த்த பிறகு, வேலை முடிந்தது, இயக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

“யக்கா, மெயினு போட்டுக்கட்டா? டிரில்லு வேல கீது” என்று பாய் வந்தார்.

“அட்டை கட்டியிருக்கேனே பாய்.”

“கீது. அத்த எடுத்துட்டுப் போட்டா இன்னா?”

“கட்டினவங்கதான் அவுக்கணும் பாய். வேற யாரும் தொடக்கூடாது.”

“வூட்லயும் இப்டித்தானா?” என்று சிரித்தார்.

“எங்க வீட்டுக்குப் பால் போடறவருக்குக்கூட இந்தச் சட்டம் தெரியும்” என்றேன். அது பொய் இல்லை. ஏழு வயதில் நீ பாகற்காய்க் கூடையில் சிவப்பு அட்டை கட்டினாயே. நானும் உன் அப்பாவும் மூன்று நாள் அதைத் தொடவில்லை. நாலாவது நாள் நீயே அப்பா மேல் பரிதாபப்பட்டு வந்து அவிழ்த்து, “வேலை முடிஞ்சது, சமைக்கலாம்” என்று கோணல் எழுத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாய். அந்தச் சீட்டை மாசக்கணக்கில் பர்ஸில் வைத்திருந்து எல்லோரிடமும் காட்டியவள் நான்.

பாய் டீ குடிக்கப் போனார். நான் மெஷினின் நெற்றிப் பலகையைக் கழற்றினேன். இரண்டடி டியூப், பழைய பட்டி, துருப்பிடித்த சோக். சோக்கின் ஸ்க்ரூ இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. அட, இவ்வளவுதானா என்று ஒரே குஷி. ஸ்க்ரூவை முறுக்கி, அடியில் ரப்பர் வைத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். ரப்பர் துண்டு ஏதாவது கிடைக்குமா என்று உன் கவுண்ட்டரின் கீழ்த்தட்டைத் துழாவினேன். ஒயர், டோக்கன் டப்பா, பழைய பேப்பர். அதற்கும் பின்னால் ஒரு துணிக்கடைப் பை. பையைப் பிரித்தால் உன் வீடியோ கேம் செட். பதினொன்றாம் பிறந்தநாளுக்கு மாமா வாங்கிக் கொடுத்த, டிவியில் மாட்டி ஆடுகிற அதே செட். ஒயரை அழகாகச் சுற்றி வைத்திருந்தாய். பிளக்கின் மூன்று காலுக்கும் நடுவே சணல். சணலில் ஓர் அட்டை. கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் என் கையெழுத்து. “இயக்காதே. காரணம்: பரீட்சை. கட்டியவர்: அம்மா.”

பதினைந்து வருடம், கண்ணா. நீ பத்தாவது படிக்கும்போது நான் கட்டிய அட்டை. முடிச்சுகூட நான் போட்ட முடிச்சுதான், எங்கள் வேலையிடத்து முடிச்சு, எனக்குத் தெரியாதா? ஒரு தடவைகூட யாரும் அதை அவிழ்க்கவில்லை. நான் அப்படியே உன் கடைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் ஞாபகம் வந்தது. கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்த சாயங்காலம் அந்தச் செட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாய். நான் போனில் இருந்தேன், மறுநாள் ஒரு பெரிய மோட்டார் வேலை. கையைக் காட்டி “அப்புறம்டா” என்றேன். நீ போய்விட்டாய். அந்த ‘அப்புறம்’ வரவே இல்லை. லீவுக்கு மாமா வீட்டுக்குப் போனாய், திரும்பி வந்ததும் பதினொன்றாம் வகுப்பு, டியூஷன். ஒருநாள் டிவி பக்கத்தில் அந்தச் செட்டைக் காணவில்லை. என் பிள்ளை வளர்ந்துவிட்டான், அவனாகவே விளையாட்டை விட்டுவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு விட்டேனா? கேன்டீனில் உட்கார்ந்து பெருமை அடித்தேன். அட்டை கட்டினால் போதும், பிள்ளை திருந்திவிடும் என்று மற்ற அம்மாக்களுக்கு யோசனை வேறு சொன்னேன்.

நீ விடவில்லை. காத்துக்கொண்டிருந்தாய். ஒரு கத்தரிக்கோல் போதும், அறுத்திருக்கலாம். நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போன பிறகு நாள் முழுக்க ஆடிவிட்டு மறுபடி கட்டியிருக்கலாம், எந்த வீட்டிலும் பிள்ளைகள் அதைத்தான் செய்வார்கள். நீ செய்யவில்லை, ஏனென்றால் அந்த அட்டைக்கு அவ்வளவு மரியாதை கொடுக்க உனக்குச் சொல்லித்தந்ததே நாங்கள்தான். உன் பக்கத்துச் சட்டத்தை நீ காப்பாற்றினாய். என் பக்கத்துச் சட்டத்தை நான் மறந்துவிட்டேன். வேலையிடத்தில் முப்பத்து மூன்று வருடத்தில் ஓர் அட்டையைக்கூட அவிழ்க்காமல் நான் வீட்டுக்கு வந்ததில்லை, தெரியுமா? வீட்டில்தான் மறந்தேன். தப்பு என்னுடையது, முழுக்க என்னுடையது. அழுதேன், அதை மறைக்க ஒன்றுமில்லை. டீயோடு திரும்பி வந்த பாய் என்னைப் பார்த்துவிட்டு, “இன்னா யக்கா, ஷாக்கு கீக்கு அட்ச்சிச்சா?” என்று பதறிப்போனார். ஆமாம் பாய் என்றேன். வேறு என்ன சொல்ல?

ஆனால் அழுதுகொண்டே உட்கார்ந்திருக்க நேரமில்லை, வேலை பாதியில் இருந்தது. பாயின் பழைய ஸ்கூட்டர் ட்யூபில் துண்டு வெட்டி வைத்து, ஸ்க்ரூவை முறுக்கி, அட்டையை அவிழ்த்து மெயினைப் போட்டேன். சத்தம் குறைந்தது, நிற்கவில்லை. அரைமணி நேரம் எரியவிட்டு, அணைத்துவிட்டுச் சோக்கைத் தொட்டால் தோசைக்கல். இவ்வளவு சூடு ஏன்? கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சோக்கின் மேல் இருந்த தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்து, அந்தப் பொடி எழுத்தைப் படித்தேன். படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அறுபது என்று போட்டிருந்தது. உன் மெஷின் அமெரிக்காவிலிருந்து வந்ததுதானே? அங்கே மின்சாரம் நொடிக்கு அறுபது முறை மாறுகிறது, நம் ஊரில் ஐம்பது முறை. நீ கூடவே வாங்கிவைத்த டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் குறைக்கும், இதை மாற்றாது. அறுபதுக்குச் செய்த சோக் ஐம்பதில் அதிகக் கரண்ட் இழுத்துச் சூடாகிக் கத்துகிறது. அந்தச் சோக்கில் ஒரு கோளாறும் இல்லை. பாவம், அதற்குப் பழக்கமில்லாததைக் கொடுத்துவிட்டு நாம்தான் அதைத் திட்டிக்கொண்டிருந்தோம். எனக்கு அந்த நிமிடம் இருபத்தைந்து வயது. பாயைப் பிடித்து நிறுத்தி முழு விளக்கமும் கொடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்போ வண்டு இல்ல” என்றார்.

இரண்டடி டியூபுக்கு நம் ஊர்ச் சோக் ஒன்று வேண்டும். மாமல்லபுரத்தில் இரண்டு கடை, வழியில் இன்னொரு கடை, எல்லா இடத்திலும் ஒரே பதில், சோக்கெல்லாம் இப்போது யார் வாங்குகிறார்கள் என்று. பஸ்ஸில் வீடு திரும்பும்போது சட்டென்று பொறி தட்டியது. நம் சமையலறை டியூப் லைட் இரண்டடிதானே. வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பை ஒரு மூலையில் விட்டுவிட்டு ஸ்டூலை இழுத்தேன். உன் அப்பா அடுப்பில் டீ வைத்துக்கொண்டிருந்தார். “ஏம்மா, நான் இங்க நிக்கறேன், லைட்டைக் கழட்டுறே” என்றார். ஐந்து நிமிடத்தில் சோக் என் கையில். பேங்க்கில் முப்பது வருடம் பொறுமையைப் பழகியவர் என்பதால் மேலே ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் அட்டையைப் பற்றிச் சொன்னேன். அவர் டீயை வடிகட்டிக்கொண்டே, “எனக்குத் தெரியும். காலேஜ் ஹாஸ்டலுக்குப் போறப்போகூட அதைப் பையில வெச்சுக்கிட்டுத்தான் போனான்” என்றார். ஏன் சொல்லவில்லை, ஏன் நீங்களாவது அவிழ்க்கவில்லை என்று நான் கத்தினேன். “கையெழுத்து நீ போட்டது. நான் எப்படி அவுக்கறது? சொல்லட்டுமான்னு அவன்கிட்ட கேட்டேன். வேண்டாம்ப்பா, அம்மாவே ஞாபகம் வந்து அவுப்பாங்கன்னான்.” அப்பனும் பிள்ளையும் சேர்ந்து என்னை இப்படியா ஜெயிப்பீர்கள்?

இன்று வியாழக்கிழமை. காலை முதல் பஸ்ஸிலேயே வந்து, மெயினை அணைத்து மறுபடி அட்டை கட்டினேன். பட்டியைத் துடைத்து, நம் சமையலறைச் சோக்கை மாட்டி, ஸ்டார்ட்டரையும் மாற்றி, டியூபுக்கு மட்டும் தனி ஒயர் இழுத்து நம் ஊர்க் கரண்டையே கொடுத்துவிட்டேன். மெஷினின் மற்ற பாகமெல்லாம் உன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகவே ஓடும். மெயினில் கட்டிய அட்டையை அவிழ்த்துவிட்டுச் சுவிட்சைப் போட்டேன். இரண்டு தடவை கண் சிமிட்டி, எரிந்தது. நானும் பாயும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒரு சத்தமும் இல்லை. தெருக்கோடியில் கல் செதுக்குகிற உளிச்சத்தம் கேட்டது, அதற்கும் அப்பால் கடல் கேட்டது. “யக்கா, நிஜமாவே எரியுதா?” என்று பாய் குனிந்து பார்த்தார். நீ ஏன் அந்த டியூப் வெளிச்சத்துக்காக ஒற்றைக் காலில் நின்றாய் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த விண்கலத்துக்குப் பின்னால் அது பரவுகிற அழகே வேறு. பிடிவாதம் யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் நடந்ததை உன்னிடம் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. டோக்கன் டப்பாவைத் திறந்து ஒன்று போட்டேன், டெஸ்ட் பண்ணத்தான். முதல் ஆட்டம் பத்தே நொடியில் செத்தேன். இரண்டாவது ஆட்டமும் அப்படியே. பாய் ஏணியை விட்டுவிட்டு வந்து, “லெப்ட்ல வாங்க, லெப்ட்ல” என்று பயிற்சி கொடுத்தார். பன்னிரண்டாவது டோக்கனில் இரண்டாம் கட்டத்துக்குப் போனேன். போனதும் நான் கூச்சல் போட்டதில் டீக்கடைக்காரர் ஓடி வந்துவிட்டார். இதை வைத்தா என் பிள்ளையின் கையைக் கட்டினேன் என்று நினைத்துக்கொண்டேன். இதில் இருக்கிற சந்தோஷத்தை ஒரு தடவை உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால், அட்டையில் காரணத்தை மட்டும் எழுதாமல் என்று அவிழ்ப்பேன் என்ற தேதியையும் எழுதியிருப்பேன். நாளைக்கு நீயும் ஒரு பிள்ளையை வளர்ப்பாய். அதட்டு, தடு, வேண்டாம் என்று சொல், எல்லாம் செய். ஆனால் தடுக்கிற அன்றே அந்தத் தேதியை நீ பார்க்கிற காலண்டரில் குறித்து வை, குழந்தை ஞாபகப்படுத்தட்டும் என்று விட்டுவிடாதே. நல்ல பிள்ளைகள் ஞாபகப்படுத்த மாட்டார்கள்.

உன் கேம் செட்டின் அட்டையை இன்று மதியம் உன் கவுண்ட்டரில் உட்கார்ந்து அவிழ்த்தேன். சணல் இறுகிப்போயிருந்தது, கத்தரிக்கோல் கேட்கவில்லை, நகத்தாலேயே அவிழ்த்தேன். உன் கண் முன்னால் செய்ய வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தள்ளிப்போட்டால் அதுவும் இன்னொரு ‘அப்புறம்’ ஆகிவிடும் என்று பயமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் அப்பாவும் வருவோம். நீ கூப்பிடாவிட்டாலும் வருவோம். அந்தப் பெரிய மெஷினில் முதல் ஆட்டம் எனக்கு, டோக்கன் நான் வாங்கிக்கொள்கிறேன்.

அட்டையை அவிழ்த்தால் எழுதிக் கொடுக்க வேண்டும் அல்லவா? இதோ எழுதுகிறேன், பத்திரமாக வைத்துக்கொள்.

பொருள்: வீடியோ கேம் செட். அட்டை கட்டியவர்: அம்மா. காரணம்: பரீட்சை. வேலை எப்போதோ முடிந்தது. அட்டையை நானே அவிழ்த்தேன். இயக்கலாம்.

பொருள்: மகனுடைய கடை. அட்டை கட்டியவர்: அம்மா. காரணம்: பயம். அட்டையை நானே அவிழ்த்தேன். இயக்கலாம்.

கையெழுத்து,
அம்மா